ஓசோன் ஓட்டை வழியாகவா வெயில் இறங்குகிறது? அல்சூர் மாடியிலிருந்து

வணக்கம். பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறேன். பின்னால் இரைகிறதே, அது எங்கள் ஏசியின் வெளி யூனிட். நேற்று மெக்கானிக் வந்து, கேஸ் இறங்கிவிட்டது என்று நிரப்பிவிட்டுப் போனார். பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி, "இந்த கேஸ்தானேப்பா ஓசோன்ல ஓட்டை போடுது? அது வழியாத்தான் வெயில் இப்படி இறங்குது. நாங்க பெங்களூர் வந்தப்ப வீட்டுல ஃபேனே கிடையாது" என்றார்.

மாமி மட்டுமா, படித்தவர்கள் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால்தான் கேமராவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தேன்.

ஓசோன் என்பது வானில் உயரே இருந்து, வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வாயு. முதலில், அந்த ஓட்டை நம் தலைக்கு மேலே இல்லை. அண்டார்டிகாவுக்கு மேலே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஓசோன் ரொம்பவும் மெலிந்துபோவதைத்தான் ஓட்டை என்கிறோம். 1985-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அதை உலகத்துக்குச் சொன்னார்கள். ஓசோன் மெலிந்தால் கூடுதலாக உள்ளே வருவது புற ஊதாக் கதிர். தோல் புற்றுநோய், கண்புரை எல்லாம் அதனால் வரும். ஆனால் ஊரைச் சூடாக்கும் அளவுக்கு அதில் வெப்பம் கிடையாது. சொல்லப்போனால், ஓசோன் குறைந்தால் அது இருக்கிற மேலடுக்கு குளிரத்தான் செய்கிறது.

புவி சூடாவது வேறு கதை. பகலெல்லாம் வாங்கிய வெயிலைப் பூமி வெப்பமாகத் திருப்பி அனுப்புகிறது. நாம் எரிக்கும் நிலக்கரி, பெட்ரோல், டீசலிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு அதை முழுசாக வெளியே போகவிடுவதில்லை. இந்த மாடித் தரையே இரவு பத்து மணிக்கும் சுடுகிறது. அதன் மேல் கம்பளியைப் போர்த்தினால் எப்படி இருக்கும்?

சரி, அப்படியென்றால் மாமி கேஸைச் சொன்னது தப்பா? இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான்.

காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதன் தமிழ்நாட்டில் பிறந்து, 11 வயதில் குடும்பத்தோடு பெங்களூருக்கு வந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்து, செகந்திராபாத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியில் சேர்ந்தார். கேஸ் ஏன் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அப்புறம் இங்கே இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜ்களில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன், அதாவது சிஎஃப்சி கேஸில் உள்ள குளோரின் ஓசோனை அழிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற விஞ்ஞானிகள் 1974-இல் எழுதினார்கள். மறு வருடமே ராமநாதன், அதே கேஸ் வெப்பத்தையும் பிடித்துவைக்கிறது, அதுவும் ஒரு மூலக்கூறு பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்று காட்டினார். கசிவு தேடிய நம் ஊர்ப் பையன்! நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

1987-இல் கனடாவின் மான்ட்ரியலில் ஓசோனைக் காக்க உலக ஒப்பந்தம் வந்தது, சிஎஃப்சி படிப்படியாக ஒழிந்தது, ஓசோனும் மெல்லத் தேறி வருகிறது. இதோ, எங்கள் ஏசியின் இந்தத் தகட்டைப் பாருங்கள், உள்ளே இருக்கும் கேஸின் பெயர் ஆர்-32. இதில் குளோரின் இல்லை, ஓசோனை ஒன்றும் செய்யாது. ஆனால் இதில் ஒரு கிலோ வெளியே போனால், நூறு வருடக் கணக்கில் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய ஏசிகளில் இருக்கும் ஆர்-22 என்றால் 1,800 கிலோ, ஓசோனுக்கும் கெடுதல். ஆர்-32 மாதிரியான கேஸ்களையும் குறைப்பதாக 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன, இந்தியாவும்தான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றுவது. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். நேற்று வந்தவர் அதைத் தேடவே இல்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் கேளுங்கள். கசிவை அடைத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.

இங்கே, செம்புக் குழாய் சேருகிற நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா? ஏசியை நிறுத்திவிட்டேன். சோப்பு நுரையைத் தடவுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்... அதோ, குமிழி வருகிறது. கீழே போய் மாமியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவரும் பார்க்கட்டும்.