எண்ணும் எழுத்தும் கணினியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்நூலகத்துக்குத் தம் வீட்டு மாடியையே விட்டுக்கொடுத்த புரவலர் ஐயா அவர்களே, மேடையை அணிசெய்யும் சான்றோர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தமிழாசிரியப் பெருமக்களே, மாணவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எழுத்து எண்ணாவது எவ்வாறு, அந்த எண் பதியப்படுவது எவ்வாறு, கணினியில் அகரவரிசை குலைவது ஏன் என்னும் மூன்றையும் பேச எண்ணி வந்தேன். 'எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும்' என்பது முதுமொழி. கணினிக்கோ ஒரே கண்தான், அது எண்ணை மட்டுமே அறியும். எழுத்துக்கு எண் தரும் பட்டியலாக 1963இல் அமெரிக்காவில் வெளியான ஆஸ்கியின் 128 இடங்களில் ஆங்கிலம் மட்டுமே அமர்ந்தது. 1991இல் வந்த, உலக மொழிகளுக்குப் பொதுவான பட்டியலாகிய ஒருங்குறி (யூனிகோடு), தமிழுக்கெனத் தனியே 128 இடங்களை ஒதுக்கியது. அங்கே ககரத்தின் எண் 2965. ஆயினும் நம் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் இல்லை. 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லைக் கணினி த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து எண்களாகக் கொண்டு, யுடிஎஃப்-8 என்னும் பதிவு முறையில் 15 பைட்டுகளில் பதிகிறது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று கற்பித்த ஆசிரியர்கள், இங்கே உயிர்மெய்யின்மேல் புள்ளியிட்டு மெய்யைப் பெறுவது கண்டு முகம் சுளிப்பது தெரிகிறது. அவர்கள் பக்கமே நியாயம் என்பேன்.

எங்கள் ஊர்க் குடமுழுக்கு மலரை 1998இல் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்து, அந்தக் கோப்பை நெகிழ்வட்டில் வாங்கிப் பூசையறையில் வைத்துப் பாதுகாத்தார் என் பெரியப்பா. இருபது ஆண்டுகள் கழித்து அவருடைய பேரன் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, மலரைப் பிரெஞ்சு மொழியிலா போட்டீர்கள்?" என்று கேட்டானே பார்க்கலாம்! தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே திரை முழுவதும் நின்றன. அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் அந்த எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி வைத்தார்கள். எழுத்துரு தொலைந்தால் தமிழும் தொலைந்தது. அச்சகத்துக்குப் போனால் அங்கே செருப்புக் கடை இருந்தது. இறுதியில், பெரியம்மா அரிசிப் பானையை மூடி வைத்திருந்த அச்சுப்படியைக் கண்டெடுத்து, முதலிலிருந்து தட்டச்சு செய்தோம். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும். எண்ணை மாற்றி வைத்தவர்கள் எங்கள் கண்ணையல்லவா கட்டிவிட்டார்கள்!

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999இல், தமிழ் எழுத்துருக்களுக்குப் பொதுவான எண் வரிசை வகுத்த டாம், டாப் என்னும் தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. பழைய கோப்புகளோ இன்னும் அப்படியே கிடக்கின்றன. எழுத்துருவின் பெயர் தெரிந்தால் மாற்றிச் செயலி அவற்றை நொடியில் ஒருங்குறிக்கு மாற்றிவிடும். பெயரை நினைவில் வைத்திருப்போர் குறைந்துகொண்டே வருகிறார்கள். அகரவரிசையைப் பேச நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மாணவர்கள் இருவர் கணினியோடு அமர்ந்திருக்கிறார்கள். உங்கள் சங்கங்களின் பழைய கோப்புகளை அவர்களிடம் கொடுங்கள், எழுத்துருவின் பெயரையும் மறவாமல் எழுதிக் கொடுங்கள்.