பிள்ளைகள் கையில் விடுங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருந்து கேட்பவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். வேறு ஊர்க்காரர்கள் கேட்டால் தங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

வளர்கிற பிள்ளைக்கு என்னென்ன அனுபவங்கள் கிடைக்க வேண்டும் என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பெற்றோரைக் கேட்டால் பதில் தயாராக இருக்கும். ஒரு தடவையாவது விமானத்தில் ஏற்றிவிட வேண்டும், கடலைக் காட்ட வேண்டும், லீவு விட்டால் பெங்களூருக்குக் கூட்டிப்போக வேண்டும். வசதி இருக்கிறவர்கள் தாராளமாகச் செய்யட்டும். ஆனால் கிராமத்துப் பள்ளிகளிலேயே காலம் தள்ளிய ஆசிரியை நான். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நாம் காசு கொடுத்துக் காட்டுகிற காட்சியைப் பிள்ளை சீக்கிரம் மறந்துவிடும். நம்பி அதன் கையில் ஒரு காரியத்தை விட்டால் அது மறக்காது. அந்த மாதிரிச் சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலில் சமையல்கட்டுக்கு வருவோம். நம் பக்கத்தில் ராகிக் கொல்லையில் ஊடுபயிராக அவரை போடுவது வழக்கம். மார்கழி, தை வந்தால் சந்தையெல்லாம் பச்சை அவரைக்கொட்டை வாசம். அதை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தோல் பிதுக்குவோம். பிதுக்குப் பருப்புக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிட்டவர்களுக்கு இப்போதே நாக்கில் எச்சில் ஊறும். அந்தப் பிதுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் வேகமாக அழுத்தினால் பாட்டி மூக்கில் போய் அடிக்கும். முதல் கால் மணி நேரம் அதுதான் நடக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கை பழகிவிடும். சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தை, பெரியம்மா எல்லாம் ஊர்க்கதை பேசுவார்கள். யார் யாருக்கு என்ன உறவு, எந்த நிலம் எப்படிக் கைமாறியது, எந்தத் தாத்தா கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனார் என்பதெல்லாம் பிள்ளை காதில் விழுவது அந்த நேரத்தில்தான். மத்தியானம் தட்டில் குழம்பு விழும்போது, 'இது நான் பிதுக்கினது' என்று ஒரு குரல் வரும் பாருங்கள். அந்த வேலை இல்லாவிட்டால் அன்றைக்குக் குழம்பே இல்லை என்பது பிள்ளைக்குத் தெரியும். பொழுதுபோக்குக்காகக் கொடுக்கிற பொம்மை வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலையில் கை கொடுப்பது வேறு, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு அனுப்புவது வேறு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிற பிள்ளைக்குக் கிடைப்பதை அனுபவம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது நீச்சல். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றில்தான் பழகினார்கள். பாறையை வெட்டித் தோண்டிய பெரிய கிணறுகள், உள்ளே இறங்கப் படிகள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமாவோ சித்தப்பாவோ படியில் நின்று பிடித்துக்கொள்வார். குடுக்கைக்குப் பதில் பின்னால் பிளாஸ்டிக் கேன் வந்தது. இன்று பாதிக் கிணறுகளில் தண்ணீர் இல்லை, ஆழ்துளைக் கிணறுகள் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டன. அதனால் நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஆனால் ஏரியும் அணையும் ஆறும் அப்படியேதான் இருக்கின்றன. போதாக்குறைக்குக் கல் வெட்டி எடுத்துவிட்டுப்போன குவாரிக் குழிகள் வேறு. மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சையாக, பார்க்க அழகாக இருக்கும். கரை என்று ஒன்று கிடையாது. முதல் அடியே ஆழம், ஏறி வரப் பிடிமானம் இல்லை. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தித்தாளில் ஒரே மாதிரிச் செய்தி வருகிறது. ஒரு பையன் வழுக்கி விழுந்தான், காப்பாற்றப் போன இன்னொருவனும் போய்விட்டான்.

ஆகவே பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுங்கள். பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். கிணற்றுக்கார உறவினர் யாராவது இருப்பார்கள், தண்ணீர் உள்ள மாதத்தில் கூட்டிப்போங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், மேலே நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. நீச்சலோடு இன்னொன்றையும் கற்றுக்கொடுங்கள். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் குதிக்கக் கூடாது. முழுகுகிறவன் கைக்கு எட்டியதைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துவிடுவான். கத்திப் பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். கயிறு, துண்டு, நீளக் கழி, காலி கேன், எது கிடைக்கிறதோ அதை வீச வேண்டும், நீட்ட வேண்டும். 2020-ஆம் ஆண்டு பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் சிலர் தண்ணீரில் சிக்கியபோது, அங்கே துணி துவைத்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரை சேர்த்தார்கள். தமிழ்நாடு அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கேட்டால் மறக்காது.

வெளியே விடுவது பற்றிப் பேசும்போது கண்ணையும் சேர்த்துச் சொல்கிறேன். சீனாவின் குவாங்சோ நகரத்தில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-ல் வெளியானது. பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்ட பிள்ளைகளில், மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு. வழக்கம்போல விட்ட பிள்ளைகளில் 40 சதவீதத்தை ஒட்டி வந்தது. மருந்து இல்லை, செலவு இல்லை, வெறும் வெளிச்சம். வெயிலில் ஆடினால் கறுத்துவிடும் என்று சொல்கிற பாட்டிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, அடுத்து தனியாகப் போய்வருவது. முதலில் தெருமுனைப் பெட்டிக்கடை, அப்புறம் ரேஷன் கடை வரிசை. பத்து, பதினொரு வயதானால் டவுன் பஸ் ஏறி இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிற அத்தை வீடு. முதல் தடவை நீங்களே ஏற்றிவிடுங்கள், அங்கே அத்தை வந்து நிற்கட்டும். நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச தூரம் பிள்ளையுடையது. சில்லறை வாங்கி எண்ணுவது, இறங்க வேண்டிய இடத்தைக் கண்டக்டரிடம் கேட்பது, தப்பான இடத்தில் இறங்கிவிட்டால் அழாமல் அடுத்து என்ன செய்வது என்று யோசிப்பது, இதெல்லாம் வகுப்பறையில் என்னால் சொல்லித்தர முடிந்ததே இல்லை. போச்சம்பள்ளி மாதிரி பெரிய வாரச்சந்தைக்குப் போனால் ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து, 'வீட்டுக்கு வேண்டிய தக்காளியை நீயே பேரம் பேசி வாங்கு' என்று விடுங்கள். இரண்டு அழுகல் சேர்ந்து வந்தால் வரட்டும், திட்டாதீர்கள்.

இந்த இடத்தில் பெண் பிள்ளைகளைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. ஆறாம் வகுப்பு வரை சைக்கிளில் பறந்த பெண், பெரியவள் ஆனதும் வாசலோடு நின்றுவிடுகிறாள். 'காலம் கெட்டுக் கிடக்கு டீச்சர்' என்பார்கள். காலம் கெட்டுக் கிடந்தால் அதைச் சமாளிக்கத் தெரிந்த பெண்தானே வேண்டும்? வெளியுலகமே தெரியாமல் வளர்ந்தவளிடம் பதினாறு வயதில் மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று சொன்னால், எங்கே போய் யாரிடம் முறையிடுவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறைந்திருக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம். இந்த எண்ணை ஆண், பெண் இருவருக்கும் மனப்பாடம் ஆக்கிவிடுங்கள். முடிந்தால் பிள்ளையின் கையாலேயே சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், பலர் தயங்குகிற ஒன்று. எழவு வீடு.

தாத்தா போய்விட்டார் என்றால் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். 'தாத்தா ஊருக்குப் போயிருக்கார்' என்கிறோம். சின்னப் பிள்ளை அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஊருக்குப் போகிறேன் என்று அப்பா கிளம்பினால் காலைக் கட்டிக்கொண்டு அழும், ஏன் என்று நமக்குப் புரியாது. நேராகவே சொல்லலாம். தாத்தா இறந்துவிட்டார், உடம்பு நின்றுவிட்டது, இனி மூச்சு விட மாட்டார், வலியும் இல்லை, திரும்பி வர மாட்டார். அவ்வளவு போதும். பக்கத்தில் வந்து பார்க்க விரும்பினால் பார்க்கட்டும், விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். நம் வழக்கத்திலேயே பிள்ளைகளுக்கு இதில் ஓர் இடம் இருக்கிறதே! பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். ஒரு குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்திக் கையில் கொடுப்பார்கள், பேரன் பேத்தி வரிசையாகத் தாத்தாவைச் சுற்றி நிற்பார்கள். அழுகைச் சத்தத்துக்கும் பறைச் சத்தத்துக்கும் நடுவில், பந்தம் சாயாமல் பிடிக்க வேண்டும் என்ற கவலையில் அந்தச் சின்ன முகங்கள் எவ்வளவு கவனமாக இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? துக்கத்தைத் தாங்க அவர்களுக்கு ஒரு வேலை கிடைத்துவிடுகிறது. பெரியவர்கள் அழுவதையும், மறுநாள் அவர்களே எழுந்து வாசல் தெளிப்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

சொந்த ஊரைத் தெரிந்துகொள்வதும் ஓர் அனுபவம்தான். நம் கொல்லைகளில் வேடியப்பன் என்று கும்பிடுகிற கல்லைப் பல பிள்ளைகள் பார்த்திருக்கும். அவற்றில் பல, ஆநிரை, அதாவது மாட்டு மந்தை மீட்கும் சண்டையில் செத்துப்போன வீரனுக்கு நட்ட நடுகற்கள். வில்லும் குறுவாளும் பிடித்து நிற்பான், உடம்பில் அம்பு தைத்திருக்கும். சிலவற்றில் வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து இருக்கும். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நிறைய வைத்திருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். அதாவது 4200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது. பாடப்புத்தகத்தில் சிந்து சமவெளி படிக்கிற பிள்ளைக்கு, பக்கத்து ஊரிலும் வரலாறு இருக்கிறது என்று தெரியட்டும்.

குழாயைத் திருப்பி, 'இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வருது?' என்றும் கேட்டுப்பாருங்கள். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு அதிகம். அதைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பேருக்குப் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, சிலருக்கு எலும்பே பாதித்திருக்கிறது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி, காவிரித் தண்ணீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வரத் தொடங்கியது. ஒகேனக்கல் போகிறோம், பரிசலில் ஏறுகிறோம், மீன் வறுவல் சாப்பிடுகிறோம். அடுத்த தடவை, வீட்டுக் குடத்தில் இருப்பது இந்த ஆறுதான் என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் ஊர் மேல்நிலைத் தொட்டி வரை குழாயைத் தேடிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். பிள்ளை உங்களை முந்திக்கொண்டு ஓடும்.

கடைசியாகக் கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் மகாபாரதக் கதையைக் கூத்தாக நடத்துகிற ஊர்கள் நம் பக்கத்தில் நிறைய இருக்கின்றன. இந்தக் கோடையில் ஒரு ராத்திரியாவது பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். பாய், போர்வை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம், தூக்கத்தில் காதில் விழுகிற மத்தளமும் கணக்கில் சேர்ந்ததுதான். ஆனால் துரியோதனன் விழுகிற படுகளத்தன்று மட்டும் தூங்க விடாதீர்கள். மண்ணால் செய்த துரியோதனன் தரையில் அத்தனை பெரிதாக மல்லாந்து கிடப்பான், பீமன் வந்து தொடையில் அடிப்பான். அப்போது பிள்ளை உங்கள் தோளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதனால் முன்கூட்டியே போய் இடம் பிடித்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.