டைவர்ட்: ஒதுங்கவும் சொல்லும், பராக்கும் காட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

“படிக்கத்தான் உட்கார்ந்தேன், மைண்ட் டைவர்ட் ஆயிடுச்சு.” “பேச்சை டைவர்ட் பண்ணாதே.” “பாலத்துல வேலை நடக்குது, வண்டியெல்லாம் டைவர்ட் பண்ணி விட்டிருக்காங்க.” இந்த மூன்றில் ஒன்றாவது காதில் விழாத நாள் நமக்குக் குறைவு. டைவர்ட் என்ற அந்த ஆங்கில வினைச்சொல்லைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

மூன்று வாக்கியத்திலும் ஏதோ ஒன்று தன் பாதையை விட்டு விலகுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் இதே சொல்லுக்கு மனத்தை மகிழ்விப்பது, சிரிக்கவைப்பது என்றும் பொருள் உண்டு. சொல் நம்மூருக்கு வந்தபோது அந்தப் பாதி மட்டும் கப்பல் ஏறவில்லை.

சொல்லின் பூர்வீகம் லத்தீன். வெர்ட்டெரே என்றால் திருப்புதல், திரும்புதல். அதன் முன்னால் ஒட்டு சேர்த்து அந்த மொழியில் இரண்டு வினைகள் இருந்தன. டிவெர்ட்டெரே என்றால் ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து திரும்புவது. டேவெர்ட்டெரே என்றால் போய்க்கொண்டிருக்கும் வழியை விட்டு ஒதுங்குவது. ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு. அதனால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. ஆங்கில டைவர்ட்டுக்கு வடிவம் முதல் வினையிலிருந்தும் பொருள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்தும் கிடைத்தது என்று சொல்லலாம். முதல் வினையின் அசல் பொருளைப் பார்க்கவேண்டுமானால் டைவர்ஸிட்டி என்ற சொல்லில் பார்க்கலாம். பன்மை, பல திசை என்ற கருத்து அங்கே அப்படியே இருக்கிறது.

இந்த ‘ஒதுங்குதல்’ சுவையானது. மழை பிடித்துக்கொண்டால் ஒரு கடை வாசலில் ஒதுங்குகிறோம். ராத்திரி ஒதுங்க ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்கிறோம். விலகுவதும் தங்குவதும் தமிழில் ஒரே வினை. லத்தீனிலும் அதே கதைதான். நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கித் தங்கும் விடுதிக்கு அங்கே டிவெர்ஸோரியம் என்று பெயர். லத்தீன் விவிலியத்தில் லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில், மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடமில்லாமல் போனது இந்த டிவெர்ஸோரியத்தில்தான். தமிழ் விவிலியம் அந்த இடத்தில் சத்திரம் என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. பொருத்தமான சொல்.

கிளைப்பாதைக்கும் இதே குடும்பத்தில் ஒரு சொல் உண்டு, டைவர்ட்டிகுலம். அதை இன்று வயிற்று மருத்துவரிடம் கேட்கலாம். குடலின் சுவரிலிருந்து பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும் சிறு பைக்கு அந்தப் பெயர். அதில் அழற்சி வந்தால் டைவர்ட்டிகுலைட்டிஸ். ஸ்கேன் அறிக்கையில் டைவர்ட்டிகுலம் என்ற சொல்லைக் கண்டால் ‘முட்டுச்சந்து’ என்று படித்துக்கொள்ளலாம். உணவு போகும் பெரிய பாதையிலிருந்து விலகிப் போய் முட்டி நிற்கும் சந்து அது.

இன்னொரு பிள்ளை டிவோர்ட்டியம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போவது. ஆங்கிலத்தின் டிவோர்ஸ் இதிலிருந்து வந்ததுதான். ஆனால் இதே சொல்லை நிலத்துக்கும் பயன்படுத்தினார்கள். மலைமுகட்டில் விழும் மழை இரு சரிவாகப் பிரிந்து ஓடுகிறதே, அந்த நீர்பிரி முகட்டுக்கு ‘தண்ணீரின் டிவோர்ட்டியம்’ என்று பெயர். தண்ணீரும் விவாகரத்து செய்துகொள்ளும்!

தண்ணீரைத் தொட்டுவிட்டதால் இங்கே கொஞ்சம் நின்று போகலாம். டைவர்ட் என்ற வினை மிகத் துல்லியமாக வேலை செய்யும் துறை நீர்ப்பாசனம். பொறியாளர்கள் அணையை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று தேக்கும் அணை. மற்றது திருப்பும் அணை, அதாவது டைவர்ஷன் வியர். இரண்டாவது வகை மழைக்காலத் தண்ணீரைச் சேர்த்துவைக்க வந்ததல்ல. ஆற்றின் குறுக்கே தாழ்வான ஒரு தடையைப் போட்டு, நீர்மட்டத்தைச் சில அடி உயர்த்தி, பக்கத்திலிருக்கும் கால்வாயின் வாய்க்கு நீரை ஏற்றிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. மிஞ்சிய வெள்ளம் தடைக்கு மேலே வழிந்து போய்விடும்.

இதில் மூன்று உறுப்புகள் முக்கியம். ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் தடை, கால்வாயின் தலைப்பில் நீரை அளந்துவிடும் தலைமதகு, அதையொட்டியே அமையும் மணற்போக்கி. மூன்றாவதைச் சரியாக அமைக்காவிட்டால் திட்டமே கெடும். தடைக்கு முன்னால் நீரின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் மணல் படிகிறது, படிந்த மணல் கால்வாயின் வாயை அடைக்கிறது. அப்புறம் ஆறு நிறையத் தண்ணீர் ஓடினாலும் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்.

காவிரியில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவலை வேறு மாதிரி இருந்தது. கொள்ளிடத்தின் படுகை காவிரியின் படுகையைவிடத் தாழ்வு. தண்ணீர் கொள்ளிடத்துக்கே இழுத்துக்கொண்டு போனது, தஞ்சைப் பக்கத்துக் காவிரி மெலிந்தது. 1836 முதல் 1838 வரை ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியது அந்த இழுப்பைத் தடுத்து நீரைக் காவிரிக்குத் திருப்பத்தான். இப்படிப்பட்ட திருப்பணைக்கு இந்தியாவில் ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட சொல் அனிகட். நம்முடைய அணைக்கட்டுதான் அது. டைவர்ட் செய்யும் கட்டுமானத்துக்கு ஆங்கிலம் தமிழிடம் பெயர் கடன் வாங்கியிருக்கிறது.

முல்லைப் பெரியாறு இதையும் தாண்டிய கதை. மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் பெரியாற்றின் நீரை, பென்னிகுவிக் தலைமையில் 1895இல் முடிந்த திட்டம், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வைகைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தது. சற்று முன் சொன்ன டிவோர்ட்டியத்தையே, நீர்பிரி முகட்டையே, ஊடறுத்துத் திருப்பிய வேலை. டைவர்ட் என்ற சொல்லுக்கு இதைவிட நிறைவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

வெர்ட்டெரேயின் உறவு ஐரோப்பாவோடு நிற்கவில்லை. வடமொழியின் ‘வ்ருத்’ என்ற வேர் அதற்கு உடன்பிறப்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கியதல்ல, இரண்டும் ஒரே மூத்த மொழியிலிருந்து பிரிந்தவை. அந்த வடமொழி வேரிலிருந்து தமிழுக்கு வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். தாளம் ஒரு சுற்று சுற்றித் தொடக்கத்துக்குத் திரும்புவது ஆவர்த்தனம். சனி வக்கிர நிவர்த்தி அடைகிறார் என்று பஞ்சாங்கம் சொல்லும், பின்னோக்கிப் போவதுபோலத் தெரிந்த கோள் மறுபடி நேராகத் திரும்புகிறது என்று பொருள். பரிவர்த்தனை, சக்கரவர்த்தி எல்லாம் அதே வீடுதான். இவற்றில் மிக அழகானது விருத்தம். ஆங்கிலத்தில் செய்யுளுக்கு வெர்ஸ் என்று பெயர். ஏர் ஒரு சால் ஓட்டி வரப்பில் திரும்புவதைப்போல வரி மடங்கித் திரும்புவதால் வந்த பெயர். தமிழ் விருத்தமும் ஆங்கில வெர்ஸும் ஆக ஒரே ‘திரும்பு’ என்ற வேரில் போய் முடிகின்றன.

இனிப் பயன்பாடு. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த இந்த வினை பெரும்பாலும் செயப்படுபொருள் கேட்கும். எதை, எதிலிருந்து, எதற்கு என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் வாக்கியம் நிற்கும். நீரை ஆற்றிலிருந்து கால்வாய்க்கு, வண்டிகளைப் பாலத்திலிருந்து பக்கத்துச் சாலைக்கு. ‘எதற்கு’ என்பதை விட்டுவிட்டால் கேட்பவருக்குத் திக்கு தெரியாது. விமானத் துறையில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. விமானம் பெங்களூருக்கு ‘டைவர்ட் செய்யப்பட்டது’ என்றும் சொல்லலாம், விமானமே ‘டைவர்ட் ஆனது’ என்று தன்வினையாகவும் சொல்லலாம். இரண்டும் சரி.

அந்தத் துறையில் இந்தச் சொல்லுக்கு எரிபொருள் கணக்கே இருக்கிறது. போய்ச் சேரவேண்டிய இடம்வரை ஆகும் எரிபொருளோடு, அங்கிருந்து மாற்று விமான நிலையம்வரை ஆவதும், அதற்குமேல் 1,500 அடி உயரத்தில் அரைமணி நேரம் வட்டமடிக்க ஆவதும் ஜெட் விமானத்தில் இருந்தாகவேண்டும். கடலுக்கு மேலே போகும் இரட்டை எஞ்சின் விமானங்கள், ஓர் எஞ்சின் நின்றாலும் 60 நிமிடத்தில் ஏதாவது ஒரு நிலையத்தை அடையும் தூரத்தில்தான் பறக்கவேண்டும் என்ற விதி 1985இல் 120 நிமிடமாகத் தளர்ந்தது. அந்த நிமிடக் கணக்குக்குப் பெயரே டைவர்ஷன் டைம்.

வங்கித் துறையில் கவனம் தேவை. பணத்தை டைவர்ட் செய்தார் என்றால் திருடினார் என்று பொருளாகாது. ரிசர்வ் வங்கி இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது தொழிலின் அன்றாடச் செலவுக்கு, வாங்கிய கடனை எடுத்து நிலமோ இயந்திரமோ வாங்கினால் டைவர்ஷன். கடன் வாங்கிய நிறுவனத்தின் தொழிலுக்கே சம்பந்தமில்லாத காரியத்துக்குப் பணம் போய், நிறுவனம் நலிந்தால் அதற்கு வேறு சொல், சைஃபனிங், உறிஞ்சி எடுத்தல். செய்தியில் இரண்டையும் ‘முறைகேடு’ என்று ஒரே பானையில் போடுவது பிழை.

அக்கம்பக்கத்துச் சொற்களோடும் குழப்பம் வரும். டைவர்ஜ் பார்க்க உறவுக்காரன்போல இருக்கும், ஆனால் வேர் வேறு. இரண்டு கோடுகள் தாமாக விலகிக்கொண்டே போவது அது, யாரும் திருப்பிவிடுவதில்லை. டீவியேட் என்பதில் இருப்பது ‘வியா’, சாலை. விதியிலிருந்து, திட்டத்திலிருந்து பிசகுவது. அவர்ட் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, அல்லது வரவிருந்த ஆபத்தைத் தவிர்ப்பது. பேசுகிறவர் தாமே விஷயத்தை விட்டு எங்கோ போய்விட்டால் அது டைக்ரெஸ். ஆகவே “பேச்சை டைவர்ட் பண்ணாதே” என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘சேஞ்ச் தி சப்ஜெக்ட்’ என்பதே இயல்பு. படிக்கிறவன் கவனம் சிதறினால் டிஸ்ட்ராக்ட். ஒருவர் திட்டமிட்டு அவன் கவனத்தை வேறு பக்கம் இழுத்தால்தான் டைவர்ட் பொருந்தும்.

கடைசியாக, கப்பல் ஏறாத பாதி. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் டைவர்ட் ‘மகிழ்விப்பது’ என்ற பொருளையும் ஏற்றது. மனத்தைக் கவலையிலிருந்து திருப்புவதால் மகிழ்ச்சி, அவ்வளவுதான் தர்க்கம். ஸ்போர்ட் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். டிஸ்போர்ட் என்பதன் தலை உதிர்ந்த வடிவம் அது, பொருள் ‘அப்பால் கொண்டுபோவது’. ஆங்கிலக் கவிஞர் கூப்பர் 1782இல் எழுதிய ஜான் கில்பின் கவிதையின் தலைப்பில் டைவர்ட்டிங் என்ற சொல் வரும். நகைச்சுவையான என்றுதான் பொருள். கதையிலோ குதிரை நிற்கவேண்டிய ஊரில் நிற்காமல் கில்பினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. சொல்லின் இரண்டு பொருளும் ஒரே சவாரியில் கிடைத்துவிடுகின்றன.

இந்த இரட்டைப் பொருளைத் தமிழில் ஒரே சொல்லில் சொல்லமுடியாது என்று பலர் நினைக்கிறார்கள். முடியும். குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது நிலாவையும் காக்கையையும் காட்டிப் பராக்குக் காட்டுகிறோமே, அங்கே கவனம் தட்டிலிருந்து திரும்புகிறது, குழந்தையும் சிரிக்கிறது. டைவர்ட்டின் இரு பாதியும் அதில் இருக்கின்றன. போர்க்களத்தில் எதிரியின் கவனத்தைத் திருப்பும் டைவர்ஷனுக்குப் போக்குக் காட்டுதல் என்பது அதே அளவு கச்சிதம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இன்றைய ஆங்கில விமர்சகர் ஒரு படத்தை ‘மைல்ட்லி டைவர்ட்டிங்’ என்று எழுதினால் அது பாராட்டல்ல. “பார்க்கலாம்... பொழுது போகும்” என்று நாம் இழுத்துச் சொல்கிறோமே, அதே குரல்.

வணக்கம்.