அதோ ஊதுகின்றன!
(கடலூர் இலக்கியக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினத்துக் கடலில் கால் நனைத்து வளர்ந்தவர்களிடம் ஓர் ஆங்கிலேயரின் கடலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். துணிச்சல்தான்!

ஆங்கில எழுத்தாளர் டி. எச். லாரன்ஸ் 1930இல் காசநோயால் இறந்தார். அவருடைய கடைசிக் கவிதைகள் 1932இல் நூலாக வந்தன. அவற்றில் ஒன்று திமிங்கலங்களைப் பற்றியது. கடல் குளிர்ந்தது என்கிறார்கள், ஆனால் எல்லாவற்றிலும் சூடான ரத்தம் அங்கேதான் இருக்கிறது என்று எடுத்த எடுப்பிலேயே வாதத்துக்கு நிற்கிறது. திமிங்கலம் பாலூட்டி, பனிக்கடலிலும் அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய நம்முடையதுதான். 'எல்லாவற்றிலும்' என்பது உயர்வு நவிற்சி. நம் வீட்டுக் கோழிக்கே அதைவிடச் சூடு அதிகம்.

சரி, வடிவத்துக்கு வருவோம். சீர்க்கணக்கு இல்லை, இயைபு இல்லை. ஓர் அடி பக்கத்தின் ஓரம் வரை ஓடும். இன்னோர் அடி சட்டென்று முடிந்துவிடும். பிறகு எது கட்டி வைத்திருக்கிறது? திரும்பத் திரும்ப வரும் சொற்கள். ஒரே சொல் ஒரே பொருளில் திரும்ப வருவதை நம் அணியிலக்கணம் சொற்பொருள் பின்வருநிலை என்கிறது. அதைத்தான் யாப்பின் இடத்தில் வைத்துவிட்டார். 'ஆடுகின்றன, ஆடுகின்றன' என்று வாக்கியம் 'உம்', 'உம்' என நீண்டுகொண்டே போகிறது.

அதில் ஓர் இடம். திமிங்கல வேட்டைக் கப்பல்களில் பாய்மர உச்சியில் ஒருவன் காவல் இருப்பான். தூரத்தில் திமிங்கலத்தின் மூச்சு நீராவியாக எழுந்தால் 'அதோ ஊதுகிறது!' என்று கூவுவான். உடனே ஈட்டியோடு படகுகள் இறங்கும். அந்தக் கூவலை லாரன்ஸ் பன்மையாக்கி, இரண்டு முறை சொல்கிறார்: 'அதோ ஊதுகின்றன, அதோ ஊதுகின்றன'. ஈட்டி வரவில்லை. சூடான, வெறிகொண்ட, வெண்ணிறமான மூச்சுதான் வருகிறது. ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஓரசைச் சொற்கள். ஒவ்வொன்றிலும் அழுத்தம் விழுகிறது. கொலைக்கான அழைப்பை வியப்பாக மாற்ற அவருக்கு ஒருமை பன்மை மாற்றமும் ஒரு மறுசொல்லும் போதுமாக இருந்தன.

நம் சங்கப் பாட்டோடு இதை ஒப்பிடுங்கள். குறுந்தொகை 269இல் கல்லாடனார் 'வயச்சுறா எறிந்த புண்', அதாவது வலிய சுறா தாக்கிய காயம், ஆறித் தலைவியின் அப்பா மறுபடி கடலுக்குப் போனார் என்கிறார். அம்மா உப்பை விற்று நெல் வாங்கப் போயிருக்கிறாள். வீட்டில் யாருமில்லை, இப்போது வரலாம் என்று காதலனுக்குத் தூது! அங்கே சுறா மனிதக் கதைக்கு வேலை செய்கிறது. லாரன்ஸிடம் மனிதன் பாத்திரமாகவே இல்லை; அவனுடைய கூவல் மட்டும் மிச்சம்.

அதனால்தான் பிற்பகுதி எனக்கு ஒட்டவில்லை. ஆபத்து வந்தால் ஆண் திமிங்கலங்கள் பெண்களையும் குட்டிகளையும் சுற்றி வளையமாக நிற்கும் என்கிறார். எண்ணெய்த் திமிங்கலங்களில் (ஸ்பெர்ம் திமிங்கலம்) அப்படிக் குட்டிகளைச் சூழ்ந்து நிற்பவை பெண்கள். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் தனியாகக் குளிர்கடல்களில் திரிபவை. அப்புறம் கிரேக்கக் காதல் தெய்வம் அப்ரோடைட்டி திமிங்கலங்களின் மனைவியாக வந்து சேர்கிறாள். மனிதனையே வெளியே நிறுத்திய கவிதைக்குள் மனித உருவில் ஒரு தெய்வம் எதற்கு? மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இப்போது எழுந்து பேசலாம்.