ஏரி போச்சு, பேரு நின்னுச்சு: சென்னையும் அதன் மாநகராட்சியும்

(காட்சி: மேற்கு மாம்பலம், ஒரு தெருப் பலகை)

வணக்கம். இந்தப் பலகையில 'லேக் வியூ ரோடு'ன்னு போட்டிருக்கு. ஏரி எங்கன்னு தேடாதீங்க, கிடைக்காது. நுங்கம்பாக்கத்துல 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கு. அங்கயும் ஏரி இல்ல. அந்த ஏரி இருந்த இடத்துலதான் வள்ளுவர் கோட்டம் நிக்குது. மாம்பலத்து நீள ஏரியை 1920கள்ல தூர்த்து மனை போட்டாங்க. அதுதான் இன்னைக்கு நாம துணி எடுக்கப் போற தி.நகர்.

(காட்சி: வரைபடம்)

சென்னை தட்டையான ஊர். கடல் மட்டத்துக்கு மேல சராசரியா ஆறேழு மீட்டர்தான். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவுல கூவம், தெற்கே அடையாறு. இந்த மூணையும் கடற்கரையோரமா இணைக்குது பக்கிங்காம் கால்வாய். ஐப்பசி, கார்த்திகை மழை ஒரே மூச்சுல கொட்டும்போது தண்ணி ஓடறதுக்குச் சரிவு கிடையாது. அதனாலதான் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியா வெட்டி வெச்சாங்க. ஒண்ணு நிரம்பினா, மிச்சத் தண்ணி வழியற கலங்கல் வழியா அடுத்ததுக்குப் போகும். நடுவுல ஒரு கண்ணியை எடுத்தா அந்தத் தண்ணி எங்க போகும்? நம்ம தெருவுக்குத்தான்.

சரி, இந்த ஊரை யார் நிர்வாகம் பண்றாங்க?

கதை 1639ல தொடங்குது. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரையில இடம் வாங்கிக் கோட்டை கட்டுச்சு. ஊர் வளர்ந்ததும் வரி கேட்டாங்க, மக்கள் கொடுக்க மறுத்தாங்க. லண்டன்ல இருந்த கம்பெனித் தலைவர் ஜோசயா சைல்டு ஒரு கணக்குப் போட்டார்: தங்களுக்குள்ள ஒரு மன்றம் வெச்சு அவங்களே வரி போட்டுக்கிட்டா மனசாரக் கட்டுவாங்க. 1687 டிசம்பர் 30ல சாசனம் வந்துச்சு. 1688 செப்டம்பர் 29ல மாநகராட்சி செயலுக்கு வந்துச்சு. முதல் மேயர் நத்தேனியல் ஹிக்கின்சன். இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி இதுதான்.

ஆனா இவ்வளவு பழைய மன்றத்தை நாம எப்படி வெச்சிருந்தோம்? 1973ல கலைச்சாங்க. அடுத்த தேர்தல் 1996ல. இருபத்து மூணு வருஷம் கவுன்சிலரே இல்ல! திரும்பவும் 2016லருந்து 2022 வரைக்கும் இல்ல. 2019 கோடையில தண்ணி லாரிக்குக் குடத்தோட வரிசையில நின்னோமே, 2021 நவம்பர்ல தி.நகர் மூழ்குச்சே, அப்போ வார்டுல போய்க் கேக்க ஒரு ஆள் இல்லை. எனக்கு இது இன்னமும் ஆறாத விஷயம்.

2022ல தேர்தல் நடந்து, ஆர். பிரியா மேயரானார். இந்த நகரத்தோட முதல் தலித் பெண் மேயர், அப்போ வயசு 28. அதுக்குள்ள நகரமும் பெருசாகிடுச்சு. 2011ல சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்ததுல 174 சதுர கிலோமீட்டர் 426 ஆச்சு. அப்போ 200 வார்டு, 15 மண்டலம்னு பிரிச்சாங்க.

(காட்சி: மழையில ஒரு தெரு)

இப்போ உங்க தெருவுல தண்ணி நிக்குதுன்னு வைங்க. மழைநீர் வடிகால் மாநகராட்சியோடது. பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்தோடது. பெரிய சாலைன்னா நெடுஞ்சாலைத் துறை. ஆறும் பெரிய ஏரியும் நீர்வளத் துறை. எங்க என்ன கட்டலாம்னு திட்டம் போடறது சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். மன்றம் தீர்மானம் போடும், அதை நிறைவேத்தற அதிகாரம் ஆணையர்கிட்ட. அவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மேயர் பதவி நாம நினைக்கிற அளவுக்குப் பலமானது இல்ல.

அதனால புகார் சொல்றதுக்கு முன்னாடி எது யாரோடதுன்னு பிரிச்சுக்கோங்க. வடிகால் அடைப்பு, குப்பை, தெருவிளக்குக்கு மாநகராட்சி எண் 1913. மேன்ஹோல் பொங்கினா குடிநீர் வாரியம். உங்க வார்டு எது? சொத்துவரி ரசீதை எடுத்துப் பாருங்க, மண்டல எண்ணுக்கு அடுத்து இருக்கும்.