ஓட்டுவதற்காகவே ஒரு பழைய கார்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். எல்லாப் பழைய கார்களையும் பற்றி நான் பேசப் போவதில்லை. வண்டி ஓட்டுவதே சந்தோஷம் என்று இருப்பவர்கள் தேடிப் பிடித்து வாங்குகிற கார்கள் சில இருக்கின்றன. ஹோண்டா சிட்டியின் பழைய வீடெக் மாடல், ஃபோர்டு ஐகான் 1.6, மிட்சுபிஷி லான்சர், ஃபியட் பேலியோ 1.6, அப்புறம் கொஞ்சம் புதியது என்றால் போலோ ஜி.டி. இவற்றில் எதையும் இன்று ஷோரூமில் புதிதாக வாங்க முடியாது. ஐகான் மறைமலை நகரில் தயாரானது, லான்சர் திருவள்ளூரில். நம் ஊர் வண்டிகள்தாம். அதனால் இவற்றைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. அது பெரிய பலம்.

இத்தனை வருடம் கழித்தும் ஏன் இவற்றைத் தேடுகிறார்கள்? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். பழைய சிட்டி வீடெக்கில் ஒன்றரை லிட்டர் இன்ஜின், 106 குதிரைத்திறன். 2003 கடைசியில் அதற்குப் பதிலாக வந்த புது சிட்டியில், அதே ஒன்றரை லிட்டருக்கு 77தான். மைலேஜ் கூடியது, இடவசதி கூடியது. ஆனால் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கிடைக்கிற அந்த இழுப்பு போய்விட்டது. அதை ஒருமுறை அனுபவித்தவர்கள் பழையதை விடுவதில்லை.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? நான் பல வருடமாகச் சொல்லி வருவது இதைத்தான்: காரைப் பார்ப்பதற்கு முன்னால் அதை வைத்திருந்தவரைப் பாருங்கள்.

கோயம்புத்தூரில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் ஐகானை விற்கப் போவதாகத் தெரிந்து, நண்பர் மகனை அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். தம்பிக்கு ஏற்கெனவே வேறொரு ஐகான் மேல் கண். சிவப்புப் பெயின்ட், தாழ்த்திய ஸ்பிரிங், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போடும் சைலன்சர். பெரியவர் எங்களைக் காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். "நான் வண்டியைத் தொடாமல் வைத்திருக்கிறேன், நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்" என்றார். போனதும் அவர் முதலில் கொண்டுவந்து வைத்தது காபியும் ஒரு நீளமான கணக்கு நோட்டும். பெட்ரோல் போட்ட ஒவ்வொரு தேதியும் கிலோமீட்டரும் அதில் இருந்தது. ஆயில் மாற்றியது, கூலன்ட் மாற்றியது, பின்சக்கர பேரிங்கில் சத்தம் கேட்டது, மறுவாரமே மாற்றியது, எல்லாம் நீல மையில். கிளட்ச் பெடல் ரப்பரைக் குனிந்து பார்த்தேன். மீட்டரில் காட்டிய கிலோமீட்டருக்கு எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டுமோ அவ்வளவுதான் தேய்ந்திருந்தது. அப்புறம் அவர் தம்பியிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார். வண்டியை எங்கே நிறுத்துவாய்? நிழல் உண்டா? யார் வேலை பார்ப்பார்கள்? விலை பேசுவதற்கு முன் இவ்வளவும் கேட்டார். அப்படிக் கேட்பவரிடம் தாராளமாக வாங்கலாம். தம்பி அதையே வாங்கினார், இன்றைக்கும் ஓட்டுகிறார்.

காலை ஆறு மணி என்றேனே, அதை மறுபடி சொல்ல வேண்டும். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். நீங்கள் போகும்போது பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தேய்ந்த வால்வு சீல் வழியே இறங்கிய ஆயில், முதல் ஸ்டார்ட்டில்தான் நீலப் புகையாக வெளியே வரும். வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தமும் ஐடிலிங் ஏறி இறங்குவதும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சூடான இன்ஜின் இதையெல்லாம் மறைத்துவிடும். அப்படியே டயரின் பக்கவாட்டையும் பாருங்கள். நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், வயதான ரப்பரை நம்பி வேகம் போகக் கூடாது.

வாங்கியதும் பெரும்பாலானவர்கள் பவர் ஏற்றுவதற்குச் செலவு செய்கிறார்கள். எனக்கு இதில் மனசு ஒப்பவே ஒப்பாது. பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், முதல் செலவு வால்வுகளை நேரம் தவறாமல் இயக்குகிற டைமிங் பெல்ட்டுக்கு. அது எப்போது மாற்றியது என்று பில் இல்லையா, மாற்றாதது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிட்டி வீடெக் போன்ற இன்ஜின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே இறக்குவதில் முடியும். அடுத்தது பிரேக், சஸ்பென்ஷன் புஷ், ரேடியேட்டர் ஹோஸ். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தப் பழைய வண்டிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் பெட்ரோல் லைன் ரப்பர்களை ஒவ்வொரு சர்வீஸிலும் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை வாரக்கணக்கில் சும்மா நிறுத்தாதீர்கள். பழைய பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, விளக்கு வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டதைப் பழையதாக வாங்கவே வேண்டாம். வேகம் போய்ப் பார்க்க ஆசையென்றால் கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் ஓட்டிய கரிவரதன் பெயரில் ரேஸ் டிராக் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கிறது. அவிநாசி சாலையில் வேண்டாம்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரத்தைக் காட்டுகிறார்கள். எப்போது விற்று அடுத்ததற்குப் போவது என்பதற்காக நிறையக் குறித்து வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது சேசிஸ் துரு பிடித்திருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். இன்ஜினுக்கு வேலை பார்க்கலாம், துருவுக்குப் பார்த்து மாளாது. ஒரு முக்கியமான பார்ட் கிடைக்காமல் வண்டி மாதக்கணக்கில் நின்றாலும் அப்படித்தான். அடுத்த காரை வாங்கி, அது சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகே இதைக் கொடுங்கள். உங்கள் பில்களையும் நோட்டையும் சேர்த்தே கொடுங்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை, விபத்து நடந்தால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். பெயர் மாறிய ஆர்.சி.யின் நகல் கைக்கு வரும்வரை வாங்கியவரை விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். நன்றி, வணக்கம்.