கடற்கரை நிலையம்: வண்டி திரும்பும் இடம்

நேயர்களுக்கு வணக்கம். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் வரலாற்றில் ஒரே ஒரு வேலையைத் தொடர்ந்து பார்த்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். வந்த வண்டியை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதுதான் அந்த வேலை.

நீராவி இன்ஜின் இழுத்த வண்டி என்றால், வந்து நின்றதும் இன்ஜினைக் கழற்ற வேண்டும். பக்கத்துத் தண்டவாளம் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். பிரேக் குழாயைச் சேர்த்து, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். எத்தனை நடைமேடை கட்டினாலும், இன்ஜின் சுற்றிவர ஒரு தண்டவாளம் சும்மா கிடந்தாக வேண்டும்.

1931இல் இந்தத் தொல்லை ஒழிந்தது. தென்னிந்திய ரயில்வே, கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் பாதையை (இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர்) 1,500 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மாற்றியது. ஏப்ரல் 2 அன்று ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கி வைத்தார்; மே 11 முதல் மக்கள் ஏறினார்கள். மின்சார ரயிலுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டே! ஓட்டுநரும் கார்டும் முனை மாறிக்கொண்டால் வண்டி திரும்பிவிட்டது. 1967இல் 25,000 வோல்ட் மாறுமின்சாரம் வந்தபோதும் இந்த முறை மாறவில்லை.

ஆனால் முனை மாறுவதற்கும் நேரம் பிடிக்கும். பன்னிரண்டு பெட்டி வண்டி சுமார் 250 மீட்டர் நீளம். இறங்கி வரும் கூட்டத்துக்குள் ஓட்டுநர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். மறுமுனை அறையை இயக்கி, பிரேக்கைப் போட்டும் தளர்த்தியும் பார்க்க வேண்டும். வண்டி பத்து நிமிடம் நின்று, அது கிளம்பி அடுத்தது உள்ளே வர நான்கு நிமிடம் ஆனால், ஒரு நடைமேடையில் மணிக்கு நாலு வண்டிதான். அடுத்த ஓட்டுநர் முன்னதாகவே மறுமுனையில் காத்திருந்தால் நடை மிச்சம். ஆனால் ஓர் ஆள் கூடுதலாக வேண்டும். இன்னொரு சிக்கல், நிலைய வாயிலில் பாதைகள் குறுக்கே வெட்டிக்கொள்வது. உள்ளே வரும் வண்டி தாமதித்தால், அதே குறுக்குப் பாதையைக் கடக்க வேண்டிய வண்டி, பச்சை விழாமல் நடைமேடையிலேயே நிற்கும். ஒன்றின் தாமதம் மூன்றாகும்.

பிறகு அகலப் பாதை. தண்டவாள இடைவெளி 1,000 மில்லிமீட்டரிலிருந்து 1,676க்குப் போவது தண்டவாளத்தோடு முடிகிற காரியமல்ல. பெட்டி அகலம், தளத்தின் உயரம் எல்லாம் மாறுவதால் நடைமேடையின் விளிம்பையும் மாற்றிக் கட்ட வேண்டும். அதுவும் வண்டிகளை நிறுத்தாமல்! சில ஆண்டுகள் இரண்டு கேஜும் அருகருகே ஓடின. கடைசி மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1 அன்று ஓடியது.

இதற்கிடையே, 1995 நவம்பரில் சேப்பாக்கம் வரை பறக்கும் ரயிலும் இங்கிருந்தே கிளம்பியது. எழும்பூருக்கு நான்காவது பாதை போட வேண்டியிருந்தபோது அகலப்படுத்த இடமில்லை. ஆகவே 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்திவிட்டு, வேளச்சேரி வண்டிகளைச் சிந்தாதிரிப்பேட்டையிலேயே திருப்பினார்கள். ஏழு மாதம் என்று சொன்ன வேலை பதினான்கு மாதம் இழுத்தது. 2024 அக்டோபர் 29 அன்றுதான் அந்த வண்டிகள் மறுபடி கடற்கரைக்கு வந்து சேர்ந்தன.